உட்காராத வாளிகள்

எங்கள் எஸ்டேட்டுக்குத் தீயணைப்பு வாளிகள் வந்து இறங்கிய அன்று துரை எங்களை எல்லாம் ஏலக்காய் ஸ்டோர் முற்றத்தில் கூட்டி வைத்து, ஒரு வாளியைத் தலைகீழாகத் தூக்கிக் காட்டினார். சிவப்புப் பெயின்ட் அடித்த புது வாளி. அடிப்பக்கம் தட்டையாக இல்லை, உருண்டையாக இருந்தது.

"இத தரையில வெச்சா நிக்காது, உருண்டு போகும். அதுகொண்டு ஒருத்தனும் இத வீட்டுக்குக் கொண்டு போக மாட்டான். கொக்கியில மட்டும்தான் தூக்கலாம். வெள்ளக்காரன் புத்தி பாத்தீங்களா?" என்றார்.

துரை என்றால் மேனேஜர். வெள்ளைக்காரன் மலையை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாகியும் அந்தப் பெயர் மட்டும் போகாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தது. எழுபதுகளில் அதில் இருந்தவர் கோட்டயம் பக்கத்து மனிதர். எங்களிடம் தமிழ் பேசுவதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

லயத்துப் பெண்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதே சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீடுகளில் அடி தட்டையான பாத்திரம் எது? குடம் உருண்டை, பானை உருண்டை, சட்டி உருண்டை. உட்கார வைக்கப் பிரிமணை இருக்கிறது. அடுப்பென்றால் மூன்று கல். அந்த மூன்று கல்லுக்கு நடுவில் உருண்டை அடிப் பாத்திரம் எவ்வளவு வசதியாக உட்காரும் என்பதை வாளிக்குப் படம் போட்ட வெள்ளைக்காரன் வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டான். தட்டை அடி வாளி வந்திருந்தாலாவது நாலு நாள் யோசித்திருப்பார்கள். இது எங்களுக்கென்றே செய்தனுப்பியது மாதிரி இருந்தது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் ஸ்டோர் சுவரில் கொக்கிகள் மட்டும் மிஞ்சின. வாளிகள் லயத்தில் குடியேறின. ஒன்றில் குளிக்க வெந்நீர் கொதித்தது, ஒன்றில் கப்பைக் கிழங்கு வெந்தது, ஒன்று பிள்ளை பெற்றவளுக்கு மருந்துத் தண்ணீர் போடவென்றே வீடு வீடாகச் சுற்றியது. சிவப்பெல்லாம் கரி பிடித்துக் கறுத்துவிட்டது. துரை ஸ்டோர் பக்கம் வரும்போது மேலே பார்க்கிற வழக்கம் இல்லாததால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் அந்த எஸ்டேட்டுப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். சொந்த ஊர் திருநெல்வேலி நாசரேத் பக்கம். கேரளத்து ஏலமலையில், சாந்தன்பாறையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப் கிடைத்தால் ஜீப்பிலும் கிடைக்காவிட்டால் காலாலும் ஏறி வந்து சேர வேண்டிய இடம் அது. கோபக்காரி என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. எதுவும் சரியாக நடக்காத இடத்தில் கோபப்படாமல் இருக்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வரும்.

தீயணைப்புப் படை என்று ஒன்று எங்களுக்கு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். பக்கத்து மலையில் ஒரு ஸ்டோர் எரிந்து போனது. ஏலக்காயை உலர்த்துவதற்கு ஸ்டோருக்குள் இரும்புக் குழாய்களை ஓட்டி, வெளியே விறகெரித்துச் சூட்டை உள்ளே அனுப்புவார்கள். ராப்பகலாக எரிகிற அடுப்பு, காய்ந்த காய், மரத்தட்டி எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும். எரியாமல் இருப்பதுதான் அதிசயம். சர்க்கார் தீயணைப்பு வண்டி மலைக்குக் கீழே எங்கேயோ இருந்தது. அது கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்து சேருவதற்குள் சாம்பல் ஆறி, எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ளலாம் என்று லயத்தில் சொல்வார்கள். வேதக்காரர்களான, அதாவது கிறிஸ்தவர்களான, எங்களுக்கு அந்த உபயோகமும் கிடையாது. ஆகவே கம்பெனி, ஒவ்வொரு எஸ்டேட்டும் தன் சொந்தப் படையை வைத்துக்கொள்ள வேண்டும், இன்ஷூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார் என்று எழுதிவிட்டது.

படைக்கு ஒரு கேப்டன் வேண்டும். துரை ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும். தீயோடு பழக்கம் உள்ளவன் யார் என்று பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆள் எண்ணுகிற இடத்தில் வைத்து, கேட்டார். சிவகாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஒருவன் கையைத் தூக்கினான். "தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாத்தவன் சார்," என்றான். அவனே கேப்டன் என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. அவன் அங்கே பார்த்த வேலை பெட்டிக்கு லேபிள் ஒட்டுவது. அது எனக்குத் தெரியும், அவன் மனைவி சொல்லியிருந்தாள். துரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், அவன் கையைத் தூக்கியதற்குக் காரணம் வேறு. அவன் டெம்பரரி ஆள். வருஷக்கணக்காக டெம்பரரி. பெர்மனன்ட் ஆளுக்குத்தான் லயத்தில் வீடு என்பது எஸ்டேட் சட்டம். ஆகவே அவனும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் ஸ்டோருக்குக் கீழே ஒரு மாட்டுக்கொட்டகையில், மாடுகளுக்கு அந்தப் பக்கம் சாக்குக் கட்டித் தடுத்து, புல்லுக் கூரைக்குக் கீழே குடியிருந்தார்கள். குழந்தைகள் இரண்டும் என் பள்ளிக்கூடத்தில்தான் படித்தன. சாணி வாசத்தோடு வருகிறார்கள் என்று மற்றப் பிள்ளைகள் பெஞ்சில் தள்ளி உட்காரும். அதைப் பார்த்து நான் பிரம்பை எடுத்திருக்கிறேன். பிரம்புக்கு வாசம் போகுமா என்ன?

துரை அவனிடம் சொல்லியிருந்தார்: "இன்ஸ்பெக்ஷன் பாஸாயா நீ ஃபயர் வாட்சர். பெர்மனன்ட். வீடு உண்டு." லயத்துக் கடைசியில் ஓர் அறை காலியாகக் கிடந்தது. கேப்டனின் மனைவி அதே வாரம் போய் அந்த அறையைச் சாணி தெளித்துக் கூட்டிவிட்டு வந்தாள். அடுப்பு எங்கே, பிள்ளைகளுக்குப் பாய் எங்கே என்று கையால் ஜாண் போட்டு அளந்தும் பார்த்தாள். "பாஸாகும்லா டீச்சரம்மா?" என்று என்னிடம் கேட்டாள். நான் ஆகும் என்றேன். வேறென்ன சொல்வது?

சனிக்கிழமை சாயங்காலம் டிரில். நானும் படையில் ஒருத்தி. பள்ளிக்கூட வாசலில் தொங்கிய தண்டவாளத் துண்டுதான் எஸ்டேட்டுக்கே மணி. அதை அடிக்கிற இரும்புக்கம்பி என் பொறுப்பில் இருந்தது. விட்டு விட்டு அடித்தால் பள்ளிக்கூடம், விடாமல் அடித்தால் தீ. மணி கேட்டதும் எல்லோரும் கைக்குக் கிடைத்த வாளியோடு ஓடி வர வேண்டும். ஓடையிலிருந்து ஸ்டோர் வரைக்கும் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றி, கடைசியில் நிற்கிறவன் வீச வேண்டும். டிரில் முடிந்தால் ஆளுக்கு ஒரு பன்னும் பால் விடாத கட்டஞ்சாயாவும். படையில் ஆள் குறையாமல் இருந்ததற்குப் பன்தான் காரணம். மழை பெய்தால் தீப் பிடிக்காதே, டிரில் எதற்கு என்று ஒருவனும் கேட்டதில்லை.

துரை இரண்டு கட்டளை போட்டிருந்தார். டிரிலின்போது தண்ணீர் சிந்தக் கூடாது, காய் நனைந்தால் வண்டன்மேடு ஏலத்தில் விலை போகாது என்பது முதல் கட்டளை. ஆகவே நாங்கள் காலி வாளியைத்தான் கைமாற்றினோம். காலி வாளிக்கு என்ன கனம்? ஆட்கள் பந்து பிடிக்கிற மாதிரி பிடித்து, தோள்வரை தூக்கி, விசிறிக் கொடுத்தார்கள். வேகம் ஏற ஏற கேப்டனுக்கு ஒரே சந்தோஷம். இரண்டாவது கட்டளை கேப்டனுக்கு மட்டும். "கடைசிக் கங்கு அணையிற வரைக்கும் கேப்டன் எடத்த விட்டு நகரான் பாடில்லா." நகரவே கூடாது என்ற இதை அவன் வேதவாக்கியமாக எடுத்துக்கொண்டான். பட்டாளத்தில் கழித்துப்போட்ட இரும்புத் தொப்பி ஒன்றை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். டிரில் முடிந்து எல்லோரும் பன்னுக்கு ஓடிய பிறகும், எரியாத ஸ்டோர் முன்னால் அந்தத் தொப்பியோடு விறைத்து நின்று, இல்லாத கங்கைக் காவல் காப்பான். அவன் பன்னை நான்தான் எடுத்து வைப்பேன்.

இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை வருவதாகத் தகவல் வந்ததும் கேப்டன் லயத்தில் இறங்கினான். ஒவ்வொரு வீட்டு அடுப்பிலிருந்தும் வாளியை இறக்கினான். "வேகுத கெழங்க எடுத்துக்கிட்டு வாளியக் குடுங்க மதினி," என்று கெஞ்சினான். பெண்கள் வைதுகொண்டே கொடுத்தார்கள். இரவல் கொடுத்ததைத் திருப்பி வாங்குகிற மாதிரி முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். அவனும் மனைவியும் ஓடையில் போட்டுச் சாம்பலும் மணலும் வைத்துத் தேய்த்தார்கள். வெளியே புதுசாகச் சிவப்பு அடித்தார்கள். சனிக்கிழமை ஸ்டோர் சுவரில் வாளிகள் வரிசையாகத் தொங்கின. எனக்கே அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையின் அசனம். வருஷத்துக்கு ஒரு தடவை ஆராதனை முடிந்து ஊருக்கே சோறு போடுவது திருநெல்வேலிச் சபைகளின் வழக்கம். மலை ஏறி வந்தவர்கள் அதையும் சுமந்துகொண்டுதான் வந்தார்கள். வேதக்கோவிலுக்குப் போகிறவர்களும் மாரியம்மனுக்குப் பொங்கல் வைக்கிறவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பூப்பாறையிலிருந்து வர வேண்டிய பரிமாறுகிற பாத்திரங்கள் ஜீப் சேற்றில் மாட்டியதால் வரவில்லை. உபதேசியார், அதாவது பாதிரியார் இல்லாத எங்கள் சபையை நடத்துகிறவர், கவலையோடு வெளியே வந்தார். ஸ்டோர் சுவரில் தேய்த்து மினுக்கிய வாளிகள் தொங்குவதைக் கண்டார். கர்த்தர் காட்டினார் என்று நினைத்துவிட்டார். நினைக்கத்தானே செய்வார்? பந்தியில் சாம்பாரைப் பின்னே எதில் கொண்டு போவது?

கேப்டன் ஓடி வந்தான். "ஐயா, நாளைக்கு இன்ஸ்பெக்டர் வாராரு ஐயா. என் பொழப்பே இதுலதான் கெடக்கு."

"நாளைக்குத்தானல வாராரு? இன்னைக்குச் சாயங்காலமே கழுவித் தொங்க விட்டிருவோம். ஏழைக்குச் சோறு போடுததுக்கு இல்லாத வாளி தீக்கு எதுக்குல?" என்றார் உபதேசியார்.

கேப்டன் தானே கொக்கியிலிருந்து வாளிகளை இறக்கிக் கொடுத்தான். வாளிகளில் சாம்பாரும் ரசமும் கறிக்குழம்பும் நிறைந்தன. நிற்காத வாளியை நிற்க வைக்கப் பிரிமணையும் வந்து சேர்ந்தது.

முதல் பந்தி உட்கார்ந்து இலை போடுகிற நேரத்தில் ஜீப் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். பாலக்காட்டில் கல்பாத்திக்காரர். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். துரை பங்களாவிலிருந்து பாதி ஷேவிங்கோடு ஓடி வந்தார்.

"நாளைக்கு நேக்கு வேறொரு ஜோலி இருக்கு. ஜீப்பும் இன்னிக்குத்தான் கெடச்சுது. இப்பவே பார்த்துட்டுப் போயிடறேனே," என்றார் இன்ஸ்பெக்டர்.

மாட்டேன் என்று சொல்ல துரைக்குத் தைரியம் போதவில்லை. சுவரில் வாளி இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கமும்தான் அவருக்குக் கிடையாதே. முற்றத்தில் காய்ந்த ஏலத்தட்டையும் சருகும் குவித்து, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தச் சொன்னார். "டீச்சரே, பெல் அடி!" என்று கத்தினார்.

அடித்தேன். விடாமல் அடித்தேன்.

டிரில் என்பது எவ்வளவு பொல்லாத சங்கதி என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மணி கேட்டால் கையில் இருக்கிற வாளியோடு ஓடு என்று எத்தனையோ சனிக்கிழமை சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஓடினார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே, பண்டிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியோடு ஓடினார்கள். ஓடைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை, வாளிகள்தான் நிறைந்திருக்கின்றனவே. வரிசை நின்றது. கேப்டன் தொப்பியோடு முன்னால் வந்து, "ஃபயர்! ஃபயர்! ஃபயர்!" என்று மூன்று முறை கத்தினான். வாளிகள் காலி வாளிக்குப் பழகிய வேகத்தில் தோளுயரம் பறந்து வந்தன.

முதலில் விழுந்தது ரசம். தீ சீறிக்கொண்டு தாழ்ந்தது. மிளகும் பூண்டும் புகையாகக் கிளம்பி மலையெல்லாம் மணத்தது. இன்ஸ்பெக்டர் தும்மிக்கொண்டே ஓரடி முன்னால் வந்தார். வந்திருக்கக் கூடாது. கடைசியில் நின்றவன் காலி வாளியை வீசுகிற வேகத்தில் நிறை வாளியை வீசினான். பாதி தீயில் விழுந்தது. பாதி இன்ஸ்பெக்டர் மேல் விழுந்தது.

"ஈஸ்வரா! சாம்பாரான்னா இது!" என்றார் இன்ஸ்பெக்டர். தோளில் ஒரு முருங்கைக்காய் தொங்கியது.

அதற்குள் அடுத்த வாளி மேலே போய்விட்டது. உபதேசியார் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். "அது கறில! கறிய ஊத்திராதீங்கல!" அவர் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டதால் ஊர் பிழைத்தது, இன்ஸ்பெக்டரும் பிழைத்தார். தீயும் அணைந்துவிட்டது. கேப்டன் குதிகாலைச் சேர்த்து சல்யூட் அடித்தான். "ஃபயர் அவுட், சார்!" ஓரத்தில் அவன் மனைவி இரண்டு பெண்களையும் இழுத்து அணைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தண்டவாளத்தைப் பார்த்தேன்.

துரை முகத்தில் ஒரு பக்கம் சோப்பு நுரை, மறுபக்கம் சவக்களை. இன்ஸ்பெக்டர் முருங்கைக்காயை எடுத்து மெல்லக் கீழே போட்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் போன எடத்துலெல்லாம் பக்கெட்டு பளபளன்னு தொங்கும். உள்ளே ஒரு சொட்டு ஜலம் இருக்காது. பாத்துப் பாத்து அலுத்தாச்சு. இங்கேதான் பக்கெட்டுல ஏதோ ஒண்ணு இருந்தது. தீயும் அணைஞ்சுது. பாஸ்," என்றார். உபதேசியார் சாப்பிடக் கூப்பிட்டார். "நான் இப்பவே நெறையச் சாப்ட்டாச்சு," என்று சட்டையைக் காட்டிவிட்டுக் கட்டஞ்சாயா மட்டும் குடித்துவிட்டுப் போனார். நல்ல மனிதர். அன்றைக்கு இரண்டாவது பந்தி ரசமில்லாமல் சாப்பிட்டது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பாஸான பிறகுதான் நாடகமே தொடங்கியது. கேப்டன் மறுநாள் துரையிடம் போய் நின்றான். அவனுக்குப் பேச வராது என்று நானும் கூடப் போயிருந்தேன். துரை ரொம்ப சந்தோஷமாக இருந்தார்.

"நம்ம படை இத்தற நல்லா வேல செய்யும்போ, அதுக்குத் தனியா ஒரு பெர்மனன்ட் வாட்சர் எதுக்கு டீச்சரே? இனி இங்க தீ வராது."

"சொன்ன சொல்லு என்ன சார் ஆகுது?" என்றேன்.

"பாஸாயில்லெங்கில் வேணும்னு நெனச்சேன். இப்போ பாஸாயில்லே?" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. மனதாரச் சொன்னார். அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் அவன் உதவாக்கரை, செய்துவிட்டால் அவன் தேவையில்லை என்றால் பின்னே அவன் என்னதான் செய்ய வேண்டும்? இதையும் கேட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகவில்லையா என்று கேட்டார்.

அத்தோடும் விடவில்லை. வாளிகள் இனி லயத்துக்கும் பந்திக்கும் போகக் கூடாது என்று, அவற்றைப் பூட்டி வைக்க ஓர் அறை ஒதுக்கினார். எந்த அறை? கேப்டனின் மனைவி சாணி தெளித்து ஜாண் போட்டு வைத்த அதே கடைசி அறை. சுண்ணாம்பு அடித்து, கதவில் ஒரு பூட்டுப் போட்டு, "தீயணைப்பு அறை" என்று மூன்று மொழியில் போர்டு மாட்டினார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கோடரி. "அவசரத்தில் கண்ணாடியை உடைக்கவும்" என்று அதற்கு ஒரு போர்டு. சாவி துரையிடம். வாளிகளுக்கு வீடு கிடைத்தது. கேப்டன் மாட்டுக்கொட்டகைக்குத் திரும்பிப் போனான். அவன் மனைவி அந்த வழியாகத் தண்ணீருக்குப் போவதையே நிறுத்திவிட்டு, சுற்றிக்கொண்டு போனாள்.

மாசி மாதக் காற்றில் ஒரு நாள், ஆட்கள் காட்டு வேலை முடிந்து வந்துகொண்டிருந்த நேரம், கொட்டகைப் பக்கமிருந்து புகை வந்தது. அடுப்புப் பொறி கூரைப் புல்லில் ஏறிவிட்டது. நான் கம்பியை எடுத்து விடாமல் அடித்தேன். படை ஓடி வந்தது. டிரிலில் படித்தபடி வாளி இருக்கிற இடத்துக்கு ஓடியது. பூட்டிய கதவின் முன்னால், வரிசை தவறாமல், அவரவர் இடத்தில் நின்றது. வாளி கையில் வராமல் யாரும் அசையக் கூடாது என்பது ஒழுங்கு. "சாவி எங்கல?" "துரைட்ட." "துரை எங்கல?" "வண்டன்மேட்டுக்கு, ஏலத்துக்கு." வரிசை அப்படியே நின்றுகொண்டிருந்தது. கூரை எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. வாழ்க்கையில் நான் யாரையும் அப்படி வைததில்லை. என் சபை உபதேசியார் முன்னால் வைதேன். கேப்டன் அதற்குள் கொட்டகைக்குள் பாய்ந்து மாடுகளை அவிழ்த்து விட்டிருந்தான். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள், மனைவி தகரப்பெட்டியோடு வெளியே வந்துவிட்டாள். லயத்துப் பெண்கள் குடமும் பானையுமாக ஓடி வந்தார்கள். அதைப் பார்த்துத்தான் வரிசைக்குப் புத்தி வந்தது. கைமாற்றினார்கள், அதே காலி வாளி வேகத்தில். மண் பானை எல்லாம் தோளுயரத்தில் மோதி உடைந்தது. தீயைத் தவிர மற்ற எல்லோரும் நனைந்தார்கள்.

நான் அந்தப் போர்டைப் படித்தேன். அவசரத்தில் கண்ணாடியை உடைக்கவும். படையில் மூன்று மொழியும் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எழுதியிருந்ததைச் செய்தேன். மணி அடிக்கிற கம்பியாலேயே கண்ணாடியை உடைத்துக் கோடரியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு அடியில் பூட்டு விழுந்தது. வாளிகள் வெளியே வந்தன. அதற்குள் கொட்டகை இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. ஸ்டோருக்குத் தீ தாவாமல் தடுத்ததும், சாம்பலை நனைத்ததும் மட்டும்தான் வாளிகள் செய்த வேலை.

கேப்டனின் மனைவி தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அந்தத் திறந்த அறைக்கு வந்தாள். வாசல்படியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. நான் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி பாய் கொண்டு வந்தாள், ஒருத்தி அரிசி கொண்டு வந்தாள். உபதேசியார் தானே மூன்று கல்லைச் சுமந்து வந்து உள்ளே போட்டார். அவள் முன்னால் ஜாண் போட்ட அதே மூலையில்தான் போடச் சொன்னாள். ஒரு சிவப்பு வாளியை அதன் மேல் ஏற்றினார்கள். நன்றாக உட்கார்ந்தது.

கேப்டன் மட்டும் வரவில்லை. இரும்புத் தொப்பியோடு சாம்பல் மேட்டின் முன்னால் நின்றுகொண்டிருந்தான்.

துரை மறுநாள் காலை வந்தார். உடைந்த கண்ணாடி, உடைந்த பூட்டு, புகைகிற அடுப்பு, கயிற்றில் காய்கிற பாவாடை எல்லாவற்றையும் பார்த்தார். அவர் முகம் சிவந்தது. அறை வாசலில் கேப்டன் சல்யூட் அடித்து நின்றான். அவனுக்குப் பின்னால் படை வரிசை. ஒவ்வொருவன் கையிலும் வாளி. அன்றைக்கு முதல் தடவையாக, யாரும் சொல்லாமலே, எல்லா வாளியிலும் தண்ணீர் நிறைந்திருந்தது. இவர்கள் வீசுகிற லட்சணம் துரைக்குத் தெரியும்.

துரை கொஞ்சம் தள்ளி நின்றே கேட்டார். "இது எப்போ காலியாக்கும்?"

லேபிள் ஒட்டியவனுக்கு அன்றைக்குப் பேச வந்தது. "தீ முழுசா அணையணும் சார். கடைசிக் கங்கு அணையிற வரைக்கும் கேப்டன் எடத்த விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. இன்னும் கங்கு இருக்கு சார்."

துரை சாம்பல் மேட்டைப் பார்த்தார். வாளிகளைப் பார்த்தார். ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

கேப்டன் கடைசிவரை பெர்மனன்ட் ஆகவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை இனித்துவிடும். டெம்பரரியாகவே அவனுக்கு முடி நரைத்தது. துரைமார்தான் மாறிக்கொண்டிருந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் போர்டைப் பார்த்து, உள்ளே குடும்பம் இருப்பதைப் பார்த்து, எப்போது காலி செய்வாய் என்று கேட்பார். ஒவ்வொருவருக்கும் அதே பதில்.

நான் மலையை விட்டு இறங்குவதற்கு முந்திய ஆனி மாதம், விடாத மழை. ஓடை பொங்கிப் பாதையெல்லாம் தண்ணீர். புதிதாக வந்த சின்ன வயதுத் துரை குடை பிடித்துக்கொண்டு வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். கொட்டகை இருந்த இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது, அதில் தவளை கத்திக்கொண்டிருந்தது. கேப்டன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு மழையில் இறங்கினான். அந்தத் தண்ணீரின் ஓரத்தில் குனிந்து, நிதானமாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"இன்னும் கங்கு இருக்கு சார்," என்றான்.